வேகாமல் இருக்கும் வித்தை

சஹாரா பாலைவனத்தில் உச்சிவெயில். மணல் 60 டிகிரி செல்சியஸுக்கும் மேல் காய்ந்து கிடக்கும். எறும்பு பிடித்துத் தின்னும் பல்லிகள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாமல் வளைக்குள் ஒதுங்கிவிடும். அவை ஒதுங்கிய பிறகுதான் வெள்ளி எறும்புகள் புற்றைவிட்டுக் கிளம்புகின்றன. வெயிலில் சுருண்டு செத்த பூச்சிகளைத் தேடி எடுத்துக்கொண்டு சில நிமிடங்களுக்குள் திரும்பிவிட வேண்டும். கேட்டகிளிஃபிஸ் பேரினத்தைச் சேர்ந்த இந்த எறும்பின் உடல் அந்த ஓட்டத்தில் 50 டிகிரியைத் தொட்டுவிடும். 53 டிகிரியைச் சற்றுத் தாண்டினாலும் கால் ஓய்ந்து அங்கேயே செத்துப்போகும். மூன்று நான்கு டிகிரி இடைவெளிக்குள் அதன் பிழைப்பு நடக்கிறது.

முட்டையை வேகவைக்கும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இந்த எறும்பு செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும். வெள்ளைக்கரு தண்ணீரில் கரைந்த புரதம். ஒவ்வொரு புரதமும் அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. அந்தச் சங்கிலி தனக்கே உரிய ஒரு வடிவத்தில் மடிந்திருக்கும். எண்ணெய்த்தன்மை கொண்ட, ஒட்டும் குணமுள்ள பகுதிகள் மடிப்புக்கு உள்ளே மறைந்திருக்கும். சூடு ஏற ஏற மடிப்பு தளர்கிறது, மறைந்திருந்தவை வெளியே வருகின்றன, பக்கத்தில் இருக்கும் இன்னொரு தளர்ந்த சங்கிலியோடு ஒட்டிக்கொள்கின்றன. வெள்ளைக்கரு 60 டிகிரி வாக்கில் வெளுத்துக் கெட்டியாகத் தொடங்குவது இப்படித்தான். ஆற வைத்தாலும் அது பழையபடி ஆகாது.

நம் செல்களும் புரதம் நிரம்பியவைதான். ஒரு மனித செல்லுக்குள் கோடிக்கணக்கான புரத மூலக்கூறுகள் இடைவெளி இல்லாமல் நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன. அவற்றின் வடிவம் அப்படியொன்றும் உறுதியானது அல்ல. வேலை செய்ய வேண்டுமென்றால் புரதம் கொஞ்சம் அசைந்து கொடுக்க வேண்டும், அசையக்கூடியது அவிழவும் கூடும். காய்ச்சல், நஞ்சு, ஆக்சிஜன் தட்டுப்பாடு, முதுமை என்று எது வந்தாலும் முதலில் ஆட்டம் காண்பது இந்த மடிப்புகள்தான். இத்தனை அடிகளையும் வாங்கிக்கொண்டு ஒரு செல் எப்படி மீண்டு வருகிறது என்ற கேள்விக்கான விடை, இத்தாலியில் ஒரு ஆய்வகத்தில் தற்செயலாகக் கிடைத்தது.

1960களின் தொடக்கம். ஃபெருச்சோ ரித்தோஸா என்ற இளம் மரபியலாளர் பழ ஈயின் புழுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். கல்லூரியில் விலங்கியல் படித்தவர்களுக்கு அந்த வேலை கைப்பழக்கமாகவே இருந்திருக்கும். புழுவின் தலைப்பக்கத்தை ஊசியால் இழுத்தால் கண்ணாடிபோன்ற உமிழ்நீர்ச் சுரப்பிகள் வெளியே வரும். அதில் ஆர்சின் சாயம் ஒரு சொட்டு விட்டு, மேலே மெல்லிய கண்ணாடித் தகட்டை வைத்து, கட்டைவிரலால் நசுக்கி, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தால் பட்டை பட்டையாகக் கோடு போட்ட குரோமோசோம்கள் தெரியும். அந்தச் சுரப்பியின் செல்கள் பிரியாமலேயே தங்கள் டி.என்.ஏ.வை ஏறத்தாழ ஆயிரம் படிகள் எடுத்து ஒன்றோடொன்று அடுக்கி வைத்துக்கொள்வதால் அவ்வளவு பெரிதாகத் தெரிகின்றன. ஏதாவது ஒரு மரபணு மும்முரமாக வேலை செய்தால் அந்த இடம் மட்டும் உப்பிக்கொள்ளும். மரபணு விழித்திருப்பதைக் கண்ணால் பார்க்க அன்றைக்கு இருந்த மிகச் சில வழிகளில் இது ஒன்று.

ஒருநாள் யாரோ இன்குபேட்டரின் வெப்பநிலையைக் கூட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதில் இருந்த புழுக்களின் குரோமோசோம்களில், வழக்கமாக உப்பும் இடங்கள் அடங்கி, இதுவரை பார்த்திராத இடங்கள் உப்பியிருப்பதை ரித்தோஸா கண்டார். கெட்டுப்போன மாதிரி என்று அவர் அதைத் தூக்கி எறியவில்லை. வேண்டுமென்றே சூடேற்றிப் பார்த்தார். சில நிமிடங்களில் அதே இடங்கள் உப்பின. டைநைட்ரோபீனால் என்ற நஞ்சைக் கொடுத்தார், அதே இடங்கள். ஆஸ்பிரினுக்கு உறவான சாலிசிலேட்டைக் கொடுத்தார். மறுபடியும் அதே இடங்கள். புகழ்பெற்ற இதழ் ஒன்று இதில் உயிரியல் முக்கியத்துவம் எதுவும் இல்லை என்று கட்டுரையைத் திருப்பி அனுப்பியதைப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். 1962இல் 'எக்ஸ்பீரியென்ஷியா' இதழில் அது வெளிவந்தது.

உப்பிய இடங்களில் என்ன தயாராகிறது என்று தெரிய மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 1974இல், ஜெனீவாவிலிருந்து கால்டெக் ஆய்வு நிறுவனத்துக்கு வந்திருந்த ஆல்ஃபிரட் திஸியேரும் அங்கிருந்த ஹெர்ஷல் மிட்செலும் சூடுபட்ட ஈக்களில் சில குறிப்பிட்ட புரதங்கள் திடீரெனப் பெருகுவதைக் காட்டினர். வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று அவற்றுக்குப் பெயர் வந்தது. எடையை வைத்து எச்எஸ்பி70, எச்எஸ்பி90 என்று எண் கொடுத்தார்கள். பிறகு தேடத் தேட, பாக்டீரியா, ஈஸ்ட், நெல், எலி, மனிதன் என்று எங்கு பார்த்தாலும் இதே புரதக் குடும்பங்கள் இருந்தன. உயிர் எவ்வளவு பழையதோ, ஏறக்குறைய அவ்வளவு பழைய ஏற்பாடு இது.

இந்த வரலாற்றில் ஒரு இந்தியப் பெயரையும் சொல்ல வேண்டும். 1970இல் சுபாஷ் சந்திர லக்கோட்டியா, ஏ.எஸ். முகர்ஜியுடன் சேர்ந்து, பென்சமைட் என்ற பொருளைக் கொடுத்தால் பழ ஈயின் குரோமோசோமில் 93டி என்ற ஒரே ஒரு இடம் மட்டும் உப்புவதைக் கண்டார். சூட்டிலும் உப்பும் இடம்தான் அது. ஆனால் அங்கிருந்து புரதம் எதுவும் வரவில்லை, ஆர்.என்.ஏ. மட்டுமே வந்தது. புரதம் செய்யாத ஆர்.என்.ஏ.வைக் கழிவு என்று உலகம் ஒதுக்கிய காலத்திலும், பின்னாளில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் அவர் அதைவிட்டு விலகவில்லை. இன்று அத்தகைய ஆர்.என்.ஏ.க்கள் உயிரியலின் பெரிய துறை.

சரி, சூடு வந்துவிட்டது என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது? எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். செல்லிடம் வெப்பமானி கிடையாது. எச்எஸ்எஃப்1 என்ற ஒரு புரதம் இருக்கிறது. வெப்ப அதிர்ச்சி மரபணுக்களை முடுக்கிவிடும் சாவி அதன் கையில். சாதாரண நேரத்தில், மற்றப் புரதங்களின் மடிப்பைக் காக்கும் எச்எஸ்பி70 போன்ற துணைப்புரதங்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். எங்கேயாவது புரதங்கள் அவிழத் தொடங்கினால் இந்தத் துணைப்புரதங்கள் அவற்றைத் தாங்கிப்பிடிக்க ஓடிவிடும். பிடி விட்டதும் எச்எஸ்எஃப்1 மும்மூன்றாகச் சேர்ந்து டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்கிறது. மேலும் துணைப்புரதங்கள் உருவாகின்றன. பழுது எல்லாம் சீரானதும் வேலையற்றுப்போன துணைப்புரதங்கள் திரும்பிவந்து எச்எஸ்எஃப்1-ஐ மறுபடியும் பிடித்துக்கொள்கின்றன. ஆக, செல் அளப்பது சூட்டை அல்ல, சேதத்தை. ரித்தோஸாவின் ஈக்களில் நஞ்சும் சாலிசிலேட்டும் சூட்டைப் போலவே வேலை செய்ததற்குக் காரணம் இதில் இருக்கிறது.

வேகத்துக்கான ஏற்பாடுகளும் வியக்க வைப்பவை. மரபணுவைப் படிக்கும் பாலிமரேஸ் நொதி அழைப்பு வந்த பிறகுதான் வந்து உட்காரும் என்றுதான் முன்பு நினைத்திருந்தார்கள். பழ ஈயின் எச்எஸ்பி70 மரபணுவில் அது முன்னதாகவே ஏறி, முதல் சில பத்து எழுத்துகளைப் படித்துவிட்டு அப்படியே நின்றுகொண்டிருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜான் லிஸ் குழு 1980களில் இதைக் கண்டது. உத்தரவு வந்த நொடியில் ஓட வேண்டியதுதான் பாக்கி. அடுத்து, நம் மரபணுக்களில் பெரும்பாலானவற்றில் இடையிடையே வேண்டாத துண்டுகள் உண்டு. ஆர்.என்.ஏ. உருவான பிறகு அவற்றை வெட்டி எடுத்து மீதியை ஒட்ட வேண்டும். கடுமையான சூட்டில் இந்த வெட்டும் இயந்திரம் நின்றுபோகிறது. எச்எஸ்பி70 மரபணுவில் அப்படிப்பட்ட துண்டுகளே கிடையாது. மற்ற வேலையெல்லாம் முடங்கிய நேரத்திலும் அதன் செய்தி மட்டும் தடையில்லாமல் வெளியே போகும்.

வந்து சேர்ந்த துணைப்புரதங்கள் என்ன செய்கின்றன? ஒவ்வொன்றுக்கும் ஒரு பாணி. எச்எஸ்பி70 அவிழ்ந்த சங்கிலியின் ஒட்டும் பகுதியைக் கவ்விக்கொண்டு, மற்றவற்றோடு ஒட்டவிடாமல் வைத்திருந்து, பிறகு விடுகிறது. பாக்டீரியாவின் குரோஇஎல் அமைப்பு மூடி போட்ட சம்புடம் மாதிரி: ஏழு ஏழாக அடுக்கிய இரண்டு வளையங்கள், மேலே தனி மூடி. அவிழ்ந்த ஒரே ஒரு புரதம் உள்ளே போகும், மூடி விழும், பத்து நொடி வாக்கில் யாருடைய இடைஞ்சலும் இல்லாமல் அது தன் மடிப்பைத் தேடிக்கொள்ளும், பிறகு திறக்கும். சரியாக வராவிட்டால் இன்னொரு முறை. நம் மைட்டோகாண்ட்ரியாவில் இதற்கு நெருங்கிய சொந்தம் ஒன்று உண்டு. ஆர்தர் ஹார்விச்சும் உல்ரிச் ஹார்ட்லும் அதை ஈஸ்ட்டில் 1989இல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஈஸ்ட்டின் எச்எஸ்பி104 இன்னும் ஒருபடி மேலே போகிறது. ஏற்கனவே ஒட்டிக் கட்டியாகிப்போன புரதத்தையே அது சங்கிலி சங்கிலியாகத் தன் நடுத்துளை வழியாக இழுத்துப் பிரித்துவிடுகிறது. வெந்த முட்டையைப் பழையபடி ஆக்க முடியாது என்று சொன்னேன். செல்லுக்குள் ஓரளவுக்கு அது முடிகிறது.

மடிக்க முடியாதவற்றைக் காலமெல்லாம் தாங்கியே நிற்கும் துணைப்புரதமும் உண்டு. அது இந்த வரியைப் படிக்கும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. கண் லென்ஸின் நடுப்பகுதி நாம் பிறப்பதற்கு முன்பே உருவானது. ஒளி சிதறாமல் போவதற்காக அங்குள்ள செல்கள் தங்கள் உட்கருவைத் துறந்துவிடுகின்றன. புதுப் புரதம் செய்ய அவற்றால் இனி முடியாது. எண்பது வயதுக்காரரின் லென்ஸ் நடுவில் இருப்பது அவர் தாய் வயிற்றில் இருந்தபோது செய்த புரதம். வெயில், ஆக்சிஜன், சர்க்கரை என்று இத்தனை காலமும் அது அடி வாங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனாலும் பல பத்தாண்டுகள் அது தெளிவாக இருப்பதற்குக் காரணம், லென்ஸ் புரதத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும் ஆல்ஃபா கிரிஸ்டலின். பழ ஈயின் சிறிய வெப்ப அதிர்ச்சிப் புரதங்களுக்கும் இதற்கும் சாயல் இருப்பதை 1982இல் கவனித்தார்கள். 1992இல் ஜோசப் ஹார்விட்ஸ் அது துணைப்புரதமாகவே வேலை செய்வதைக் காட்டினார். தளரும் புரதங்களைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு ஒட்டவிடாமல் வைத்திருக்கிறது. கையிருப்புதான் அதன் பலம்; புதிதாக வரப்போவதில்லை. கையிருப்பு தீர்ந்த இடத்தில் புரதங்கள் கட்டியாகி லென்ஸ் வெளுக்கிறது. கண்புரை என்கிறோம்.

இவ்வளவு தெரிந்த பிறகு எழும் ஆசை இயல்பானது: இந்தத் தாங்கும் திறனைக் கூட்ட முடியுமா? இயற்கை அதற்கு ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. 25 டிகிரியில் வளர்ந்த ஈஸ்ட்டை நேராக 50 டிகிரியில் விட்டால் பெரும்பாலானவை செத்துவிடும். அதற்கு முன் 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்திருந்தால் அதே 50 டிகிரியை அவை தாண்டி வருகின்றன. முதலில் பட்ட சிறு சூடு துணைப்புரதங்களைச் சேர்த்து வைத்துவிடுகிறது. 1990இல் சூசன் லிண்ட்குவிஸ்ட்டின் ஆய்வகம் எச்எஸ்பி104 மரபணுவை மட்டும் நீக்கிப் பார்த்தது. சிறு சூட்டுப் பயிற்சி கொடுத்தும் அந்த ஈஸ்ட்டுகள் பிழைக்கும் வீதம் நூறு மடங்குக்கு மேல் சரிந்தது. சஹாரா எறும்புக்கு இந்தப் பயிற்சிக்குக்கூட நேரம் இல்லை. 1995இல் வால்டர் கெரிங்கும் ரூடிகர் வேனரும் அதை ஆராய்ந்தபோது, புற்றின் குளிர்ந்த இருட்டில் இருக்கும்போதே அது வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைச் செய்து வைத்திருந்தது. வெளியே போய்ச் சூடு பட்ட பிறகு செய்யலாம் என்றால், செய்து முடிப்பதற்குள் உயிர் போயிருக்கும்.

இதற்கு நேர் எதிரான உயிரும் உண்டு. அண்டார்டிகாவைச் சுற்றிய கடல் கோடிக்கணக்கான ஆண்டுகளாக உறைநிலையை ஒட்டியே இருந்து வருகிறது. அங்கு வாழும் டிரெமடோமஸ் பெர்னாச்சி என்ற மீனைச் சற்று வெதுவெதுப்பான நீரில் விட்டாலும் அதன் உடல் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைக் கூட்டுவதில்லை. அடிப்படை அளவில் அவை இருக்கின்றன. தேவைக்கேற்பக் கூட்டும் திறன் போய்விட்டது. கடல் சூடேறிவரும் இந்தக் காலத்தில் அந்த மீனை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

ஈஸ்ட்டில் பார்த்த அந்தப் பயிற்சியின் சுவடு இதயத்திலும் தென்பட்டது. 1986இல் டியூக் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் மரி, ராபர்ட் ஜென்னிங்ஸ், கீத் ரீமர் மூவரும் நாய்களின் இதயத் தமனி ஒன்றை ஐந்து நிமிடம் அடைத்து ஐந்து நிமிடம் திறந்து, இப்படி நான்கு முறை செய்தார்கள். அதன்பின் 40 நிமிடம் அடைத்தார்கள். அதிகச் சேதத்தை எதிர்பார்க்கும் இடத்தில், செத்த தசையின் அளவு பயிற்சி இல்லாத இதயங்களில் இருந்ததில் கால் பங்குதான். இங்கே வேலை செய்வது வேறு வழிமுறைகள், புதுப் புரதம் செய்யக்கூட நேரமில்லாத வேகம். ஆனால் சிறிய அடி பெரிய அடிக்கு ஆயத்தப்படுத்துகிறது என்ற இலக்கணம் ஒன்றே. கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி இறுக்கித் தளர்த்தினாலே தொலைவில் உள்ள இதயம் காக்கப்படுமா என்று மனிதர்களிடம் பார்த்தார்கள். 2015இல் வெளியான இரண்டு பெரிய அறுவைச் சிகிச்சை ஆய்வுகளிலும், 2019இல் வெளியான மாரடைப்பு ஆய்விலும் பயன் தெரியவில்லை. நோயாளிகள் முதியவர்கள், பல மருந்துகள் எடுப்பவர்கள், மயக்கமருந்தில் இருப்பவர்கள்; ஆய்வகத்து இளம் நாயின் இதயம் அல்ல அது. செல்லுக்கு வலுவூட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் மாத்திரைகளையும் பனிக்கட்டிக் குளியல்களையும் பார்க்கும்போது, இந்த ஆய்வுகளை யாராவது எடுத்துச் சொல்ல மாட்டார்களா என்று தோன்றுகிறது.

ஒரு இடத்தில் மட்டும் இந்த அறிவு நாளைக்கே கடைப்பிடிக்கக்கூடியதாக இருக்கிறது. வெயிலில் உழைத்து வெப்பத்தால் இறப்பவர்களில் பலர் வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே இறக்கிறார்கள். உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். வியர்வை சீக்கிரம் வரத் தொடங்குவது, ரத்தத்தின் நீர்ப்பங்கு கூடுவது ஆகியவை முக்கியம். அவற்றோடு செல்களில் எச்எஸ்பி70-உம் கூடுகிறது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ், புதிய தொழிலாளிக்கு முதல் நாள் வழக்கமான வெயில் வேலையில் 20 சதவீதம் மட்டுமே கொடுத்து, நாளுக்கு 20 சதவீதமாகக் கூட்டச் சொல்கிறது. தூத்துக்குடி உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் சித்திரையில் புதிதாக வந்து இறங்கும் ஒருவருக்கு முதல் நாளே முழுநாள் வேலை கொடுப்பது, பயிற்சி இல்லாத ஈஸ்ட்டை 50 டிகிரியில் விடுவதுதான். கூலியைக் குறைக்காமல் இந்த ஐந்து நாட்களைக் கொடுப்பது முடியாத காரியம் அல்ல.

மருந்து மூலம் கூட்டலாமே என்றால், அங்கே எச்சரிக்கை தேவைப்படுகிறது. தாங்கும் திறன் நல்ல செல்லுக்கு மட்டும் உரியதல்ல. புற்றுச் செல்லில் பிறழ்ந்த புரதங்கள் ஏராளம். அவை இயங்குவதற்கே துணைப்புரதங்களின் தயவு வேண்டும். 2007இல் லிண்ட்குவிஸ்ட் குழு எச்எஸ்எஃப்1 இல்லாத எலிகளின் தோலில் புற்றைத் தூண்டும் வேதிப்பொருளைத் தடவியபோது கட்டிகள் குறைவாகவே வந்தன. புற்றுச் செல்லின் இந்தச் சார்பைக் குறிவைத்து எச்எஸ்பி90-ஐத் தடுக்கும் மருந்துகளையும் தேடினார்கள். இரைப்பை, குடல் பகுதியில் வரும் ஒருவகைக் கட்டிக்கு பிமிடெஸ்பிப் என்ற மருந்தை 2022இல் ஜப்பான் ஏற்றுக்கொண்டது. அதிலும் ஒரு சிக்கல்: இவ்வகை மருந்துகள் எச்எஸ்பி90-ஐத் தடுத்தால் எச்எஸ்எஃப்1 விடுபட்டு எச்எஸ்பி70 கூடுகிறது. ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் பீறிடுகிறது.

முதுமையில் கதை தலைகீழ். அல்சைமர், பார்க்கின்சன், ஹண்டிங்டன் மூன்றிலும் நரம்புச் செல்களில் புரதம் கட்டியாகிறது. வயதானால் எல்லாம் மெதுவாகத் தேய்ந்துபோகும் என்றுதான் நினைத்திருந்தோம். சிஎலிகன்ஸ் என்ற மில்லிமீட்டர் நீளப் புழுவில் லபாடியாவும் ரிச்சர்ட் மோரிமோட்டோவும் 2015இல் கண்டது வேறு. முட்டையிடத் தொடங்கிய சில மணி நேரத்திலேயே வெப்ப அதிர்ச்சி மரபணுக்கள் டி.என்.ஏ. சுற்றலுக்குள் மூடி வைக்கப்படுகின்றன. தேய்மானமாக இருந்தால் இவ்வளவு சட்டென்று நடக்காது. இனப்பெருக்கம் என்ற அறிகுறி கிடைத்ததும் உடல் எடுக்கும் முடிவு போலிருக்கிறது. மூடியதைத் திறக்கும் ஒரு நொதியைக் கூட்டியபோது புழுவின் தாங்கும் திறன் நீடித்தது. மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சிறிது தொந்தரவு கொடுத்தாலும் நீடித்தது என்று 2017இல் அதே ஆய்வாளர்கள் தெரிவித்தனர்.

அரிமோக்லோமால் என்ற மருந்து இந்தச் சிக்கல்களுக்கு நடுவே ஒரு வழியாகத் தென்பட்டது. நலமாக இருக்கும் செல்லில் அது எதையும் முடுக்காது. ஏற்கனவே அடிபட்டிருக்கும் செல்லில் எச்எஸ்எஃப்1 கொஞ்சம் கூடுதல் நேரம் வேலை செய்ய உதவும் என்பது அதன் பின்னிருந்த எண்ணம். தசைகளை இயக்கும் நரம்புகள் நலியும் நோயான ஏ.எல்.எஸ்.ஸிலும் ஒருவகைத் தசை அழற்சியிலும் பரிசோதித்தார்கள். 2021இல் இரண்டும் தோற்றன. குழந்தைகளைத் தாக்கி, நடையையும் பேச்சையும் விழுங்கும் திறனையும் படிப்படியாகப் பறிக்கும் நீமன்-பிக் சி என்ற அரிய நோயில் மட்டும் மிக்லஸ்டாட் என்ற மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது நோய் முற்றும் வேகம் குறைந்தது. 2024 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு ஒப்புதல் வழங்கியது. அந்த நோய்க்கு அங்கே ஒப்புதல் பெற்ற முதல் மருந்து அதுதான்.